ஊரே பார்க்கும் படம்: தோட்டப்புறப் பிள்ளைகளும் இன்ஸ்டாகிராமும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் படிக்கும் 15 வயதுப் பெண் ஒருத்தியின் இன்ஸ்டாகிராம் கணக்கை 300 பேர் பின்தொடர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கோலாலம்பூரில் இருக்கும் அவள் வயதுப் பிள்ளைக்கும் அதே 300 பேர் இருக்கலாம். எண்ணிக்கை ஒன்றுதான், ஆட்கள் வேறு. இங்கே அந்த 300 பேரில் வகுப்புப் பிள்ளைகள், பழைய தமிழ்ப்பள்ளித் தோழிகள், பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) அக்காமார், கோயில் தேவார வகுப்பில் கூடப் பாடுபவர்கள், ஈப்போவில் வேலை செய்யும் சித்தி மகன், அண்ணனுடைய மோட்டார் கூட்டாளிகள் எல்லாரும் இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேரையாவது அந்த வாரத்துக்குள் பள்ளியிலோ பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையிலோ மாரியம்மன் கோயிலிலோ அவள் நேரில் பார்த்தாக வேண்டும்.

படம் பகிரும் சமூக ஊடகங்கள் பதின்ம வயதினரை என்ன செய்கின்றன என்ற பேச்சு பெரும்பாலும் 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்' என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறது. நேரம் முக்கியம்தான். ஆனால் மாலையில் இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கும் எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிபவை வேறு இரண்டு கேள்விகள். போட்ட படத்தை யார் பார்க்கிறார்கள்? ஏதாவது தப்பாகிப் போனால் அந்தப் பிள்ளை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவே இருக்கும் சுங்கை சிப்புட், தோட்டங்களைச் சுற்றி வளர்ந்த ஊர். 1948 ஜூன் 16 அன்று இங்குள்ள தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்துதான் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்க அவசரகாலம் வந்தது. மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊரும் இதுவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்த காலத்தில், அவர்களுடைய சேமிப்பைத் திரட்டி அவர்களுக்கே தோட்டம் வாங்க வேண்டும் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர் அவர். இன்று பால்மரம் (ரப்பர்) நின்ற இடத்தில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. வெட்டு வேலைக்கு இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் வந்துவிட்டார்கள். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை வீடுகளுக்கும் பெயர்ந்துவிட்டன. அப்பா லாரி ஓட்டுவார், அம்மா ஃபேக்டரி பஸ் பிடித்து ஷிஃப்ட் வேலைக்குப் போவார்.

வீடு மாறினாலும் லயத்தில் இருந்த நெருக்கம் மாறவில்லை. ஒரு பிள்ளையைப் பார்த்தால் இன்னார் பேத்தி, இன்ன தோட்டத்து ஆள் என்று சொல்லிவிடக் கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கஷ்டம் என்றால் நாலு பேர் ஓடி வருவதும் இந்த நெருக்கத்தால்தான். ஒரு பெண் பிள்ளை யாரோடு நின்று பேசினாள் என்பது அவள் வீடு திரும்புவதற்குள் அம்மாவின் காதுக்குப் போய்விடுவதும் இதனால்தான். முகம் தெரியாத கூட்டம் நிறைந்த நகரத்துப் பிள்ளைகளை மனதில் வைத்துச் செய்த ஒரு செயலி, இந்த ஊருக்குள் வந்தால் வேறு மாதிரி வேலை செய்கிறது.

கைப்பேசி எப்படி வந்தது

பெற்றோர் செல்லம் கொடுத்து வாங்கித் தந்ததால் வந்த வினை என்று பலர் பேசுகிறார்கள். நடந்தது அதுவல்ல. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மூடின. அதன் பிறகு 2021 வரைக்கும் பெரும்பாலான மாதங்கள் பாடம் வீட்டிலிருந்துதான் நடந்தது. மடிக்கணினி வாங்க வசதியில்லாத வீடுகளில் பாடம் கைப்பேசியில் வந்தது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது, வகுப்பு கூகள் மீட்டில் நடந்தது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய குடும்பங்கள், நகையை அடகு வைத்தாவது இரண்டாவது கைப்பேசி வாங்கின. படிப்புக்காகத்தான் வாங்கினார்கள். பள்ளி திறந்த பிறகு அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் துணிவு யாருக்கும் வரவில்லை, அதற்கான காரணமும் அப்போது தெரியவில்லை. பள்ளிக்குள் கைப்பேசி கொண்டுவர அனுமதியில்லை. ஆகவே பள்ளி முடிந்து பெற்றோர் வேலையிலிருந்து திரும்பும் வரைக்கும் உள்ள நேரமும், எல்லாரும் தூங்கிய பிறகான நேரமும் அதற்குப் போய்விட்டன.

இன்னொன்றும் உண்டு. இரண்டு மூன்று அறை வீட்டில் ஆறேழு பேர் இருக்கும்போது பிள்ளைக்குத் தனியறை கிடையாது. தனக்கென்று அவள் வைத்திருக்கும் ஒரே இடம் அந்தத் திரை. அதைப் பிடுங்கினால் அவள் ஏன் அப்படிக் கத்துகிறாள் என்பது இதை நினைத்துப் பார்த்தால் ஓரளவு புரியும்.

13 வயதில் என்ன நடக்கிறது

இன்ஸ்டாகிராம் 2010 அக்டோபரில் தொடங்கியது. தொடங்கியவர்கள் கெவின் சிஸ்ட்ரோம், மைக் க்ரீகர் என்ற இருவர். 2012-இல் ஃபேஸ்புக் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. முதலில் படங்கள் போட்ட நேர வரிசைப்படியே வந்தன. 2016-இல் அதை மாற்றி, உங்களை அதிக நேரம் பிடித்துவைக்கும் படம் எது என்று நிரல் கணித்து முன்னால் தள்ளும் முறை வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், 24 மணி நேரத்தில் மறைந்துபோகும் 'ஸ்டோரி' வந்தது. அது ஸ்னாப்சாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட யோசனை. 2020-இல் டிக்டாக்குக்குப் போட்டியாக ரீல்ஸ் வந்தது. ஒவ்வொரு மாற்றமும் பார்ப்பவரை இன்னும் கொஞ்சம் உட்கார வைக்கத்தான்.

லைக் எண்ணிக்கை பிள்ளையின் மூளையில் என்ன செய்கிறது என்பதை நேரடியாகப் பார்த்த ஆய்வு ஒன்று கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் நடந்து 2016-இல் வெளியானது. 13 முதல் 18 வயது வரையிலான 32 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, இன்ஸ்டாகிராம் போன்ற திரையில் படங்களைக் காட்டினார்கள். அவரவர் படங்களும் அதில் இருந்தன. லைக் எண்ணிக்கையை ஆய்வாளர்களே கூட்டியும் குறைத்தும் வைத்திருந்தார்கள். தன் படத்துக்கு நிறைய லைக் விழுந்திருப்பதைப் பார்த்தபோது, இனிப்புச் சாப்பிட்டாலோ பணம் கிடைத்தாலோ கிளர்ந்தெழும் அதே மூளைப் பகுதி கிளர்ந்தது. அடுத்தவர் படத்தைப் பார்க்கும்போதும், ஏற்கெனவே நிறைய லைக் வாங்கிய படத்துக்கே அவர்கள் லைக் போட்டார்கள். சிகரெட், மது போன்றவை இருந்த படங்களுக்கும் அப்படித்தான். அந்தப் படங்களைப் பார்க்கும்போது, தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ள உதவும் மூளைப் பகுதிகளின் வேலை குறைந்திருந்தது. வெறும் 32 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். ஆனாலும் பிள்ளைகளோடு பழகும் யாருக்கும் இது புதிதாக இருக்காது. 'எத்தனை லைக்' என்று கேட்கும்போது அவர்கள் கேட்பது 'என்னை எத்தனை பேருக்குப் பிடிக்கும்' என்பதையே.

இனி நம் ஊருக்கு வருவோம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் பல, 150 பேருக்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளிகள். ஆறு ஆண்டுகள் எல்லார் முகமும் தெரிந்த இடத்தில், தமிழிலேயே பாடம் கேட்ட பிள்ளை, 13 வயதில் பெரிய தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். பாடம் மலாய் மொழியில். சிலருக்கு ஓராண்டு புகுமுக வகுப்பு. பழைய தோழிகள் வெவ்வேறு வகுப்புக்குச் சிதறிவிடுகிறார்கள். யார் தன்னைச் சேர்த்துக்கொள்வார்கள் என்று தெரியாத நிலையில் இருக்கிறாள். இன்ஸ்டாகிராம் கணக்குத் திறக்க அந்த நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச வயதும் 13. அது அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றிலிருந்து வந்த எண். குழந்தையின் விவரங்களைச் சேகரிப்பது பற்றிய சட்டம் அது. 13 வயதில் மனம் தயாராகிவிடும் என்று யாரும் ஆராய்ந்து வைத்த எல்லை அல்ல.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்பனும் மற்ற ஆய்வாளர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனில் திரட்டிய பெரிய தரவுகளை வைத்து, எந்த வயதில் சமூக ஊடகப் பயன்பாடு கூடினால் ஓராண்டு கழித்து வாழ்க்கை மீதான திருப்தி குறைகிறது என்று பார்த்தார்கள். பெண்களுக்கு 11 முதல் 13 வயது, ஆண்களுக்கு 14, 15 வயது, அப்புறம் இருபாலருக்கும் 19 வயதை ஒட்டி ஒருமுறை. முதல் இரண்டும் பருவ வளர்ச்சி மாற்றங்களோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்றார்கள். பெண் பிள்ளைக்கு உடம்பு மாறுகிற, பள்ளி மாறுகிற, மொழி மாறுகிற, கூட்டாளிகள் மாறுகிற அதே நேரத்தில்தான் இந்தக் கணக்கும் கைக்கு வருகிறது. எல்லாம் ஒன்றாக வந்து விழும் அந்த ஓராண்டைப் பற்றி நம் பள்ளிகளும் பெற்றோர் சங்கங்களும் தனியாக யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆறாம் ஆண்டு முடியும்போது பிரியாவிடை விழாவுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியை இதற்குச் செலவிட்டாலே போதும்.

கண்ணாடியில் தெரியாத முகம்

2021 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பத்திரிகை ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களை வெளியிட்டது. கொடுத்தவர் அங்கே வேலை செய்த ஃபிரான்சஸ் ஹாகன். நிறுவனத்தின் ஆய்வாளர்களே தயாரித்த 2019-ஆம் ஆண்டு விளக்கப்படம் ஒன்று, பதின்ம வயதுப் பெண்களில் மூன்றில் ஒருவருக்கு உடம்பைப் பற்றிய தாழ்வுணர்ச்சியை நாம் மோசமாக்குகிறோம் என்று சொன்னது. தன் உடம்பைப் பற்றி ஏற்கெனவே வருத்தத்தில் இருந்த பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அந்த வருத்தத்தைக் கூட்டியது என்றார்கள் என 2020-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று காட்டியது. நிறுவனம் மறுத்தது. தாங்கள் கேட்ட 12 பிரச்சினைகளில் 11-இல், இன்ஸ்டாகிராம் மோசமாக்கியது என்றவர்களைவிட உதவியது என்றவர்களே அதிகம் என்றது. அந்தப் பன்னிரண்டாவது பிரச்சினைதான் உடம்பைப் பற்றியது. 13 வயதுக்கும் குறைந்த பிள்ளைகளுக்கென்று தயாரித்துக்கொண்டிருந்த இன்ஸ்டாகிராமை அந்த மாதமே நிறுத்திவைத்தார்கள்.

மேற்கில் இந்தப் பேச்சு பெரும்பாலும் ஒல்லியான உடம்பைச் சுற்றியே நடக்கும். நம் பிள்ளைகளுக்கு அதற்கும் முன்னால் தோல் நிறம் வருகிறது. இதை மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கறுப்பி, கரிக்கட்டை என்ற கேலி செயலிக்கு முன்னாலேயே நம் வீட்டில் இருந்தது. வெயிலில் விளையாடாதே, கறுத்துப் போவாய் என்று சொல்வது நம் அத்தைகளும் பாட்டிகளும்தான். திருமணப் பேச்சில் நிறம் முதலில் வருவதைப் பிள்ளைகள் கேட்டே வளர்கிறார்கள். செயலி செய்தது, அந்தக் கேலிக்கு உடனடி மருந்து ஒன்றைக் கையில் கொடுத்தது. ஃபில்டர் போட்டால் நிறம் இரண்டு படி வெளுக்கும், மூக்கு மெலியும், தாடை கூராகும், கண் பெரியதாகும். மற்ற இடங்களில் போல இங்கேயும் பிள்ளைகள் அதை வைத்து விளையாடத் தொடங்குகிறார்கள். அப்புறம் ஃபில்டர் இல்லாமல் படம் போட முடியாத நிலை வருகிறது. அப்புறம்தான் சிக்கல், ஏனென்றால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் மறுநாள் காலை அவளுடைய உண்மை முகத்தையும் பார்க்கிறார்கள். நகரத்துப் பெண்ணின் ஃபில்டர் முகத்தைப் பெரும்பாலோர் திரையில் மட்டுமே பார்ப்பார்கள். இங்கே 'நேர்ல இப்படியா இருக்கே?' என்று வகுப்பிலேயே ஒருவன் கேட்டுவிடுகிறான். கோயில் திருவிழாவுக்கு வரமாட்டேன் என்று ஒரு பெண் அடம்பிடித்தால், பக்தி குறைந்துவிட்டது என்று அம்மா நினைக்கிறார். கூட்டப் படத்தில் அடுத்தவர் கைப்பேசிக்குள் ஃபில்டர் இல்லாமல் மாட்டிக்கொள்ளும் பயமாகவும் அது இருக்கலாம்.

அடுத்த படி கிரீம். அதே செயலியில், அதே வெளுத்த முகங்களுக்கு நடுவே விளம்பரமாக வருகிறது. ஒரு வாரத்தில் நிறம் மாறும் என்பார்கள், விலையும் டாப் அப் காசுக்குள் அடங்கும். மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு, பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் கலந்த முகக் கிரீம்களை அடிக்கடி கண்டுபிடித்துத் தடை செய்து பெயரோடு வெளியிடுகிறது. பாதரசம் தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கும். ஹைட்ரோகுவினோன் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே பயன்படுத்த வேண்டியது. முகம் சிவந்து உரிந்து நிற்கும் பிள்ளையை 'கண்டதை ஏன் பூசினாய்' என்று திட்டும் முன்னால், அவளைக் கறுப்பி என்று கூப்பிட்டவர் யார் என்று வீட்டுக்குள்ளேயே கேட்டுப் பார்க்கலாம். அமெரிக்க நிறுவனத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்குக் குறையாத கோபம் இதன் மேலும் உண்டு.

ஆண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களிடம் ஓடுவது மோட்டார் படங்கள், ஜிம் உடம்பு, கூட்டமாக நின்று கெத்துக் காட்டும் படங்கள். ஒப்பீடு அவர்களுக்கும் உண்டு, ஆனால் அழுது காட்ட அனுமதியில்லாததால் வெளியே கோபமாகவோ அலட்சியமாகவோ தெரிகிறது.

ஆய்வுகள் ஒன்றுபோல் சொல்லவில்லை

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், இந்தத் துறையில் கருத்து வேறுபாடு பெரியது. 2019-இல் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கியும் மேலே சொன்ன ஆர்பனும் மூன்று பெரிய தரவுத் தொகுப்புகளை அலசினார்கள். பதின்ம வயதினரின் மனநலத்தில் காணும் வேறுபாடுகளில் டிஜிட்டல் பயன்பாடு விளக்கக்கூடியது அதிகபட்சம் 0.4 விழுக்காடு என்றார்கள். உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்று எழுதினார்கள். மறுபக்கம், அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த விவேக் மூர்த்தி 2023 மே மாதம் எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகள் வரும் அபாயம் இருமடங்கு என்ற ஆய்வை அதில் எடுத்துக்காட்டினார்.

இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். சராசரி என்பது பாதிக்கப்படாத பெரும்பான்மையையும் மோசமாகப் பாதிக்கப்பட்ட சிறுபான்மையையும் சேர்த்துப் பிசைந்த எண். லண்டனில் 14 வயது மாணவி ஒருத்தி 2017-இல் உயிரை மாய்த்துக்கொண்டாள். சாவுக்கு முந்தைய ஆறு மாதங்களில் இன்ஸ்டாகிராமில் அவள் லைக் போட்டோ, சேமித்தோ, பகிர்ந்தோ வைத்திருந்த 16,300 பதிவுகளில் 2,100 பதிவுகள் மனச்சோர்வு, தற்கொலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வது பற்றியவை. ஒன்றைப் பார்த்தால் அதுபோல இன்னும் பத்தை நிரல் கொண்டுவந்து கொட்டும் என்பதன் விளைவு அது. அந்தப் பதிவுகளுக்கு அவள் சாவில் இருந்த பங்கு மிகச் சிறியது என்று தள்ளிவிட முடியாதது என்று 2022 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். சராசரி 0.4 விழுக்காடு என்பது இந்தப் பிள்ளையைப் பற்றி எதுவுமே சொல்லாது.

நம் நாட்டு நிலவரமும் கவலை தருவதுதான். இடைநிலைப்பள்ளி மாணவர்களிடையே 2022-இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வில் 26.9 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு அறிகுறிகள் தெரிந்தன. 13.1 விழுக்காட்டினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னார்கள். பெண் பிள்ளைகளிடம் இது கூடுதல். காரணம் முழுக்கச் சமூக ஊடகம் என்று யாரும் சொல்ல முடியாது. பெருந்தொற்று, வறுமை, வீட்டுச் சண்டை எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஏற்கெனவே நொந்துபோயிருக்கும் அந்தப் பிள்ளைகள் கையில்தான் இந்தச் செயலியும் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நன்மை இல்லையா என்றால், உண்டு. உறுமி மேளம் அடிக்கும் பையன்களுக்கு வேறு மாநிலத்திலிருந்து அழைப்பு வருவதும், சிலம்பம் பழகும் பெண்ணுக்குப் பாராட்டு குவிவதும், வீட்டில் முறுக்குச் சுற்றும் அம்மாவுக்குத் தீபாவளி ஆர்டர் பிடித்துத் தருவதும் இதே செயலிதான். கைவேலைக்கு விழும் லைக்கும் முகத்துக்கு விழும் லைக்கும் பிள்ளையை ஒரே மாதிரி பாதிப்பதில்லை என்பது நான் கவனித்து வந்தது.

யாரிடமும் சொல்ல முடியாதபோது

மேலே எழுதிய எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாத விஷயம் இது. ஒரு படம் கைமீறிப் போகிறது. ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறையும் என்று நம்பிப் போட்டது. யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அல்லது அவள் பெயரில் ஃபேக் அக்கவுண்ட் திறந்து அசிங்கமாக எழுதுகிறார்கள். அல்லது காதலன் என்று நம்பியவன் மிரட்டுகிறான். பையன்களையும் இது விடுவதில்லை. அழகான பெண்ணின் பெயரில் பேச்சுக் கொடுத்து, அந்தரங்கப் படம் வாங்கிக்கொண்டு, பணம் கேட்டு மிரட்டும் கூட்டங்கள் குறிவைப்பது பெரும்பாலும் பதின்ம வயது ஆண் பிள்ளைகளைத்தான்.

இப்போது படமே எடுக்கத் தேவையில்லை. 2025 ஏப்ரலில் ஜொகூர், கூலாயில் 16 வயது மாணவன் ஒருவன் கைதானான். சக மாணவிகள் சமூக ஊடகத்தில் போட்டிருந்த சாதாரண முகப் படங்களை எடுத்து, செயற்கை நுண்ணறிவால் நிர்வாணப் படங்களாக மாற்றி, ஒரு படம் 2 ரிங்கிட் என்று விற்றதாகப் புகார். அந்தப் பெண்கள் செய்த தவறு எதுவுமில்லை. பள்ளிச் சீருடையில் சிரித்தபடி எடுத்த படமும் இதற்குப் போதும்.

பெரிய நகரத்தில் இப்படி ஒன்று நடந்தால் பள்ளி மாறலாம், வீடு மாறலாம், ஆட்களைத் தவிர்க்கலாம். சுங்கை சிப்புட் போன்ற ஊரில் பார்த்தவனையே தினமும் பார்க்க வேண்டும். அவன் அம்மாவும் நம் அம்மாவும் ஒரே ஃபேக்டரி பஸ்ஸில் போகிறவர்கள். ஆகவே பிள்ளை முதலில் பயப்படுவது மிரட்டுபவனுக்கு அல்ல, வீட்டுக்கு. அப்பாவுக்குத் தெரிந்தால் அடி விழும். கைப்பேசி போய்விடும். பள்ளியிலிருந்து நிறுத்திவிடுவார்கள். மானம் போச்சு என்று அம்மா சாப்பிடாமல் படுத்துவிடுவார். இத்தனையையும் மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டு அவள் வாயை மூடிக்கொள்கிறாள், மிரட்டுபவனுக்கு வேண்டியதும் அதுதான். 'மானம்' என்று சொல்லி வளர்த்த நாம், அந்தச் சொல்லைக் குற்றம் செய்தவன் மேல் போடாமல் பாதிக்கப்பட்ட பிள்ளையின் தலையில் சுமத்துகிறோம்.

இணையக் கேலி என்பது சின்ன விஷயம் என்ற எண்ணம் 2024 ஜூலையில் நம் சமூகத்துக்குள்ளேயே நொறுங்கியது. டிக்டாக்கில் பலருக்கும் தெரிந்த நம் இனத்துப் பெண் ஒருவர், தொடர்ந்து வந்த ஆபாச மிரட்டல்களுக்குப் பிறகு இறந்துபோனார். அந்த வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஒருவருக்குப் பழைய சட்டத்தின்படி விதிக்க முடிந்த அபராதம் 100 ரிங்கிட். நாடு முழுக்க எழுந்த கோபத்தில் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது. 2025 ஜூலை முதல் பகடிவதை, அதாவது ஒருவரைக் கேலி செய்தும் மிரட்டியும் கொடுமைப்படுத்துவது, தனிக் குற்றம். அதனால் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள நேர்ந்தால் 10 ஆண்டு வரை சிறை. 18 வயதுக்கு உட்பட்டவரின் ஆபாசப் படத்தைக் கைப்பேசியில் வைத்திருப்பதே 2017-ஆம் ஆண்டுச் சிறார் பாலியல் குற்றச் சட்டத்தின்படி 5 ஆண்டு வரை சிறை வாங்கித் தரக்கூடியது. குழுவில் வந்ததை 'சும்மா' அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடும் பெரியவர்களுக்கும் இந்தச் சட்டம் பொருந்தும்.

தடை வந்தால் தீருமா

ஆஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் தடுத்துவிட்டது. விதியை மீறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம், பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. மலேசியாவும் அதே வயது எல்லையைக் கொண்டுவரப்போவதாகத் தொடர்புத்துறை அமைச்சர் ஃபாமி ஃபாட்சில் 2025 நவம்பரில் அறிவித்தார். மைகாட் என்னும் அடையாள அட்டை போன்ற ஆவணத்தைக் கொண்டு வயதைச் சரிபார்ப்பது திட்டம். இணையப் பாதுகாப்புச் சட்டம் 2026 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது.

நான் இதை வரவேற்கிறேன். 13 என்ற அர்த்தமற்ற எல்லை போவது நல்லது. முக்கியமாக, தொடக்கப்பள்ளியின் ஆறாம் ஆண்டிலிருந்து இடைநிலைப்பள்ளியின் படிவம் ஒன்றுக்குப் போகும் அந்த ஓராண்டு இந்தத் தொல்லை இல்லாமல் கழியும். ஆனால் ஒரே வீட்டில் அண்ணன், சித்தி, அம்மா என்று பலருடைய மைகாட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஊரில், அடுத்தவர் பெயரில் கணக்கு ஓடாது என்று நம்ப முடியாது. அப்படித் திருட்டுத்தனமாக ஓடும் கணக்கில் ஒரு சிக்கல் வந்தால், பிள்ளை சொல்லாமல் மறைக்க இன்னொரு காரணமும் சேர்ந்துவிடும்.

ஆகவே வீட்டில் முதலில் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: 'என்ன நடந்தாலும் என்கிட்ட சொல்லு, நான் போனைப் பிடுங்க மாட்டேன், அடிக்க மாட்டேன்.' சொன்னால் போதாது, காப்பாற்றவும் வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். இரவு பத்து மணிக்கு மேல் எல்லாருடைய கைப்பேசியும், அப்பாவுடையதும் சேர்த்து, முன்னறையில் சார்ஜ் போடும் பழக்கம் ஒன்று. 2024 செப்டம்பரில் இன்ஸ்டாகிராம் அறிமுகப்படுத்திய பதின்ம வயதினர் கணக்கில் தானாகவே கணக்கு அந்தரங்கமாக இருக்கும், இரவு 10 முதல் காலை 7 வரை அறிவிப்புகள் வராது, 16 வயதுக்குக் குறைந்தவர் அதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இவையெல்லாம் பிறந்த ஆண்டை உண்மையாகப் போட்டிருந்தால்தான் வேலை செய்யும். பிள்ளையோடு உட்கார்ந்து அதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் ஆகும். லைக் எண்ணிக்கையை மறைத்துவைக்கும் வசதியும் 2021 முதல் இருக்கிறது.

படம் கைமீறிப் போய்விட்டால், எதையும் அழிக்கும் முன் மிரட்டிய செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தவனிடமே மறுபடி கேட்பார்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை 2023 முதல் இயங்குகிறது. அந்தப் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. கைப்பேசியிலேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாகி அது மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்றவை அந்தப் படத்தைத் தேடி நீக்கும். போலீசில் பெண்கள், சிறார் மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கும் டி11 பிரிவு இருக்கிறது. உள்ளூர் நிலையத்தில் தெரிந்தவர் இருக்கிறார் என்று தயங்கினால் வேறு நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999 எண்ணில் எந்நேரமும் பேசலாம். மனம் உடைந்திருக்கும் பிள்ளை பெயர் சொல்லாமலே பேச, சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் 15555 எண்ணும், பிஃப்ரெண்டர்ஸ் என்ற தன்னார்வ அமைப்பின் 03-7627 2929 எண்ணும் (இருபத்து நான்கு மணி நேரமும்) இருக்கின்றன. தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் சட்டப்பிரிவை நாடாளுமன்றம் 2023-இல் நீக்கிவிட்டது. உதவி கேட்டால் போலீஸ் வரும் என்ற பயம் இனி யாருக்கும் வேண்டாம்.